மொட்டை மாடியில் காய்ந்த மண்

போன வாரம் ஒரு நாள் காலையில் வைதேகியின் மகன் போன் செய்தான். "அம்மா போயிட்டா மாமா." அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவருடைய பிடிவாதம் தெரியும். அந்தப் பிடிவாதத்தால் நான் பிழைத்த கதை தெரிந்திருக்காது.

எழுபதுகளின் தொடக்கம். ஒரே கல்லூரியில் மின்பொறியியல் ஆசிரியர்கள் நாங்கள்; அவர் நிரந்தரம், நான் தற்காலிகம். மைக்ரோவேவ் அலையை மண்மீது அனுப்பி, அது சிதறித் திரும்புவதை வைத்து மண்ணின் ஈரத்தைச் சொல்ல முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. மயிலாப்பூரில் அவர் வீட்டு மொட்டை மாடியில் தொட்டி நிறைய ஈரமண்ணை வைத்து, கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டினோம். "ஊரெல்லாம் மாடியில வடாம் காய வைப்பா. எங்காத்து மாட்டுப்பொண் மண்ணைக் காய வைக்கறா!" என்பார் அவருடைய மாமியார்.

காலை முதல் மாலை வரை மண் காயக் காய, திரும்பி வரும் அலையின் அளவு சீராக இறங்கியது. சூத்திரத்தோடு அச்சாகப் பொருந்தியது. கட்டுரை தயார். அது வெளிவந்தால்தான் என் வேலை நிலைக்கும். அசோக் நகர் வீட்டில் கைக்குழந்தை வேறு.

தபாலில் சேர்க்க இருந்த சமயத்தில் மாமியார் தி. நகரில் மகள் வீட்டுக்குப் போனார். அன்று அளவு தாறுமாறு! வைதேகி கருவியைத் தொடவே இல்லை. தொட்டிக்குப் பின்னால் இருந்த வெறுங்கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமியார் தினமும் ஒன்பது கஜத்தை நனைத்துப் பிழிந்து அதில்தான் உலர்த்துவார். மடிப்புடவை, யாரும் தொடக் கூடாது. கையால் தொடாததை நாங்கள் கணக்கிலும் சேர்க்கவில்லை. ஈரப்புடவையும் அலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறது; வரைபடத்தில் எங்கள் அழகான கோட்டில் பாதி, காய்கிற புடவையுடையது.

"கட்டுரை போகலேன்னா என் வேலை போயிடும் மேடம்" என்றேன்.

"நாளைக்கு ஏரோப்ளேன்லேர்ந்து இதை நம்பி அளப்பா, மூர்த்தி. வயல்ல ஈரம் இருக்குன்னு மெஷின் சொல்லும். கீழ பயிர் கருகிக் கிடக்கும். அப்போ?"

கட்டுரையை நிறுத்திவிட்டார். நேரே துறைத் தலைவரிடம் போனார். "தப்பு எங்காத்துக் கொடியோடது. இவரை அனுப்பறதுன்னா என்னையும் சேர்த்து அனுப்பிடுங்கோ." தலைவர் முணுமுணுத்துக்கொண்டே எனக்கு இன்னும் ஒரு வருடம் கொடுத்தார்.

மாமியார் கொடியைக் கொல்லைக்கு மாற்றிக்கொண்டார். "உங்க அலை என் மடியைத் தொடாம இருந்தா சரி" என்றார். அடுத்த கோடையில் மறுபடி அளந்தோம். வந்த கோடு கோணல்மாணல்தான், ஆனால் மண்ணுடையது. கட்டுரையில் என் பெயரை முதலில் போட்டார். வேலை நிலைத்தது. என் குடும்பம் சாப்பிட்டது அந்தச் சோறுதான்.

சேதி கேட்டுப் போனபோது அந்த மாடிக்கும் ஏறினேன். கொடி இன்னும் கொல்லையில்தான் இருக்கிறது. எந்த முடிவாவது நான் ஆசைப்பட்டபடியே வந்துவிட்டால், இன்றும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் கொடியில் என்ன காய்கிறது என்று.