அப்பாவின் படத்தைக் குறைத்தபோது

படங்களைக் குறைப்பதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. கிழக்கேகோட்டையில் ஒரு செருப்புக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். ஓட்டல்களுக்கும் ஆயுர்வேத வைத்தியசாலைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்போம். டெலிபோன் வயர் வழியாக இண்டர்நெட் நொண்டி நொண்டி வந்த காலம். கோவளத்துக் கடலை எடுத்த அளவிலேயே பக்கத்தில் ஏற்றினால், பார்க்கிறவர் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் பாதி வானம்தான் திறந்திருக்கும். அதனால் ஒவ்வொரு படத்தையும் முதலில் நீள அகலத்தில் சுருக்குவேன். பிறகு தரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, எதுவரை தாங்குகிறது என்று பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களை மட்டும்தான் கம்ப்யூட்டர் தூக்கி எறிகிறது என்பார் முதலாளி. நானும் அப்படியே நம்பினேன்.

முதலாளி மலையாளி, கேலிக்காரர். கனமான படத்தோடு நான் மல்லுக்கட்டும்போது பின்னால் வந்து நின்று, டாக்டர் மாதிரி "கொறவுண்டோ?" என்று கேட்பார். மலையாளிகள் நோயாளியைப் பார்க்கப் போனால் கேட்கிற கேள்வி அது. நோய் குறைந்திருக்கிறதா, உடம்பு தேவலையா என்று அர்த்தம். வலியசாலையில் எங்கள் அக்ரஹாரத் தமிழிலும் அந்தச் சொல் எப்போதோ வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் நாளெல்லாம் அவரிடம் கேட்டுக் கேட்டு, அதைக் காதில் வாங்கினாலே எனக்குப் படத்தின் சைஸ்தான் ஞாபகம் வரும்.

அந்த வருஷம் அப்பா படுத்த படுக்கையானார். ஈரலில் வந்தது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் அம்மாவையும் என்னையும் மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். தம்பி கல்ஃபில் இருந்தான்; அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் அவனுக்குத் தெரியும். அப்பாவுக்குப் பேச்சு இருக்கிறபோதே அவனை வரவழைத்துவிட வேண்டும். அம்மாவோ பிடிவாதமாக மறுத்துவிட்டாள்.

"அச்சானியமா ஒண்ணும் எழுதிடாதே. போன்லயும் சொல்லப்படாது. கட்டில் பக்கத்துலன்னா போன் இருக்கு, அப்பா காதுல விழும்."

எழுதினால் நடந்துவிடும் என்று அவளுக்குப் பயம். எழுதாவிட்டாலும் நடக்கத்தான் போகிறது என்று கத்த வேண்டும்போல் எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். வாயால் சொல்ல முடியாததைப் படம் சொல்லட்டும் என்று தோன்றியது. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டால் தம்பி ஒரு நாள்கூட அங்கே இருக்கமாட்டான்.

ஆபீஸ் கேமராவைக் கேட்டு வாங்கிவந்து அப்பாவை எடுத்தேன். ஒட்டிய கன்னம், மஞ்சள் பாய்ந்த கண், துருத்திய கழுத்தெலும்பு எல்லாம் அப்படியே விழுந்திருந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. அதை ஒரு தனிப் பக்கத்தில் ஏற்றி, தம்பிக்கு முகவரியை மெயிலில் அனுப்பினேன். பாதியில் நின்றுவிடுகிறது என்று பதில் போட்டான். அவன் தங்கியிருந்த கேம்பில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர்தான். குறைத்து ஏற்றினேன். அதுவும் நின்றது. எப்படியாவது திறந்தால் போதும் என்று இன்னும் குறைத்தேன்.

வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு நாள், போன் செய்தான்.

"கொறவுண்டோ அக்கா?"

"நன்னாக் கொறஞ்சாச்சுடா. இன்னிக்கே பாரு."

"அப்பாடா!" என்றான். அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் லைன் போய்விட்டது.

மறுநாள் மெயில் வந்தது. படம் திறந்ததாம். நான் சொன்னது சரிதானாம், அப்பா முகம் நன்றாகத் தெளிந்துவிட்டதாம். கேட்டிருந்த அவசர லீவை வேண்டாமென்று சொல்லிவிட்டானாம், தீபாவளிக்குச் சாவகாசமாக வருவானாம்.

அப்போதுதான் படத்தின் மேல் எனக்குச் சந்தேகம் தட்டியது. உடனே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அத்தனை நேரமும் நான் சைஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பாவைப் பார்க்கவில்லை. கன்னத்துக் குழியைக் கம்ப்யூட்டர் வழித்து நிரப்பியிருந்தது. சுருக்கங்கள் போய்விட்டன. கண்ணின் மஞ்சள் முகத்தின் நிறத்தோடு கலந்திருந்தது. மத்தியானம் தூங்கி எழுந்தவர்போல் அப்பா இருந்தார்.

அம்மாவிடம் கேட்காமல் அந்த அச்சானியத்தை எழுதி அனுப்பினேன். தம்பி துடித்துப்போனான். ஆனால் பாஸ்போர்ட் கம்பெனி கையில் இருந்தது, வேண்டாமென்று சொன்ன லீவை மறுபடி கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது. அப்பா அவன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேட்பதும் நின்றது. பிள்ளை உயிரோடு இருக்க, சித்தப்பா கொள்ளி வைத்தார்.

காரியங்கள் முடிந்து திரும்பிப் போவதற்கு முன் தம்பி ஆபீசுக்கு வந்தான். குறைக்காத படத்தைக் காட்டு என்றான். காட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

"அப்பா எப்படி இருக்கார்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதாடா?" என்று அழுதுகொண்டே திட்டினேன். "கேட்டேனே அக்கா, கொறவுண்டோன்னு" என்றான்.

கல்ஃபுக்கு எடுத்துப்போக அதை சிடியில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். மறுப்பாகத் தலையசைத்தான்.

"வேண்டாம் அக்கா. கொறச்சதையே தா. அதுல அப்பாக்குத் தேவலையாயிருக்கு."