மண்டைக்காட்டில் பங்கு வைத்த புத்தகம்

1. கண்ணாடி அலமாரி

பெண்கள் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் டீச்சராகச் சேர்ந்த முதல் நாளே லைப்ரரியும் என் தலையில் விழுந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. நாகர்கோவிலை ஒட்டி ஒரு மிஷன் பள்ளி. லைப்ரரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பூகோள அறையில் கண்ணாடி போட்ட இரண்டு அலமாரிகள், ஒரு நீள மேசை, நான்கைந்து பெஞ்சுகள், அவ்வளவுதான். புத்தகங்கள் எல்லாம் புத்தம் புதிதாக இருந்தன. பல வருஷமாக யாரும் தொடவில்லை, அதனால்தான்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார்.

"பாரு பிள்ளே, ஒண்ணும் அழுக்காகக் கூடாது. இன்ஸ்பெக்டர் வந்தா கண்ணாடி வழியாப் பாப்பாரு. நல்லாயிருக்குன்னு எழுதிட்டுப் போவாரு."

"பிள்ளைகள் படிக்க வேண்டாமா அம்மா?"

"படிக்கட்டும். கையைக் கழுவிட்டு, இங்கேயே இருந்து படிக்கட்டும்."

நல்ல மனுஷி. ஆனால் புத்தகத்தையும் பீங்கான் தட்டையும் ஒரே மாதிரி நேசிப்பவர். எனக்கோ பூட்டின அலமாரியைப் பார்த்தாலே கை அரிக்கும்.

வேலையை ஆரம்பித்தேன். வாரத்துக்கு ஒரு லைப்ரரி பீரியட் வாங்கினேன். பத்திரிகையில் வந்த நல்ல செய்திகளை வெட்டிப் பலகையில் ஒட்டினோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பெண் எழுந்து தான் படித்த கதையைப் பாதி சொல்வாள். மீதி வேண்டுமானால் புத்தகத்தை எடுத்துப் படி என்று உட்கார்ந்துவிடுவாள். இது நான் கண்டுபிடித்த தந்திரம், இன்றைக்கும் பெருமைதான். பழுது பார்க்கப் பசை காய்ச்சவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மாவோடு கொஞ்சம் மயில்துத்தம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கரப்பான் அட்டையைத் தின்றுவிடும்.

ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி மட்டும் கிடைக்கவில்லை. நச்சரித்து நச்சரித்து ஒரு வருஷம் கழித்து அதையும் வாங்கினேன். அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"கோடை லீவுக்கு முன்னால ஸ்டாக் எடுப்பேன். ஒரு புத்தகம் குறைஞ்சாலும் வீட்டுக்குக் குடுக்கிற பேச்சே கிடையாது. சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் ஒன்றும் குறையவில்லை. மூன்றாவது வருஷம் வந்தது வினை.

2. எல்லா வீட்டிலும் இருக்கு

காணாமல் போனது ஒரு தமிழ்க் கதைப்புத்தகம். சந்தையில் தொலைந்துபோன தம்பியைத் தேடி அக்காள் ஒருத்தி ஊர் ஊராக அலைகிற கதை. கொண்டுபோனவள் செல்லத்தாய். போர்டிங்கில் தங்கிப் படித்தவள், சொந்த ஊர் மண்டைக்காடு. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீட்டுக்குப் போனபோது எடுத்துப் போனாள். திங்கட்கிழமை ஸ்டாக். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"புத்தகம் ஊர்லதான் இருக்கு டீச்சர். ஆனா முழுசா இல்ல" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். செல்லத்தாய் வீட்டுக்குப் பக்கத்தில் பெண்கள் கூடிக் கதம்பல் தல்லிக்கொண்டிருந்தார்கள். தேங்காய் மட்டையைக் காயல் தண்ணீரில் அழுகப் போட்டு எடுத்து, தடியால் அடித்து நார் எடுப்பதற்கு அங்கே அப்படிப் பெயர். நாற்றம் குடலைப் பிடுங்கும். செல்லத்தாயின் பெரியம்மா மரியாள் தடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"வாருங்கோ டீச்சரம்மா. புத்தகம் பத்திரமா இருக்கு, நீங்க பேடிக்காண்டாம்."

"எங்கே இருக்கு?"

"எல்லா வீட்டிலயும் இருக்கு."

கொடை லீவில் செல்லத்தாய் தினமும் இவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது கதை பாதியில் நின்றது. புத்தகத்தை விட மாட்டோம் என்று பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். ஞாயிறு பள்ளியில் எழுத்துக்கூட்டப் படித்தவர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். யார் முதலில் படிப்பது என்று சண்டை.

"ஒருத்தி கையில இருந்தா மத்தவளுவ எல்லாம் காத்துக் கெடக்கணும். அதான் தையல அறுத்து ஆளுக்கொரு பங்கு வெச்சோம். கதம்பல் பங்கு வெக்கல்லியா, அது மாதிரி" என்றாள் மரியாள், மிக நியாயமான காரியம் செய்தவள் போல.

அச்சகத்தில் பக்கங்களை மடித்து மடித்துத் தனித்தனிக் கட்டாகத் தைப்பார்கள். அந்தக் கட்டுகளை ஒரு பக்கமும் கிழியாமல் பிரித்திருந்தார்கள். வேலை சுத்தம்தான். ஆனாலும் எனக்கு வந்த கோபத்தில் அவள் போட்ட தடியை நான் எடுத்திருப்பேன். எடுக்க விடாமல் கதையைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள் அவர்கள்.

"டீச்சரம்மா, அந்த அக்கா பசுமாட்ட விக்கலாமா? பொறவு எப்பிடி வயிறு கழுவுவா?"

"நீ சும்மா கெட ஏட்டி. தம்பிய விட மாடா பெரிசு?"

சாயங்காலமானால் கூடி உட்கார்ந்து அவரவர் பங்கை மற்றவர்களுக்குச் சொல்வார்களாம். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பள்ளியில்கூட என்னிடம் யாரும் ஒரு கதைக்காக இப்படிச் சண்டை போட்டதில்லை.

சிக்கல் இனிமேல்தான். கடைசிப் பங்கு தங்கம் என்பவளுடையது. அவள் பிரசவத்துக்காகத் திருவட்டாறில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகும்போது அதையும் கொண்டுபோய்விட்டாள். முடிவு தெரியாமல் இங்கே யாருக்கும் தூக்கமில்லை.

மரியாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி கிட்டுவானா டீச்சரம்மா? அத மட்டும் சொல்லுங்கோ."

பிடி கிடைத்தது எனக்கு. "சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை முழுப் புத்தகமும் பள்ளிக்கு வரட்டும். நானே வாசித்துக் காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். ஏறின பிறகுதான் நடுவில் ஒரே ஒரு ஞாயிறுதான் இருக்கிறது என்று உறைத்தது.

3. திங்கட்கிழமை

அம்மா ஒவ்வொரு தட்டாக எண்ணிக்கொண்டு வந்தார். கடைசித் தட்டில் ஒரு இடம் காலியாக இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பவே சொன்னேன்."

"இன்றைக்குள் வந்துவிடும் அம்மா."

"வராது பிள்ளே. வீட்டுக்குப் போன புத்தகம் அடுப்பங்கரைக்குத்தான் போகும்."

அப்போது வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. அதற்கு முன்பே கதம்பல் வாசம் உள்ளே வந்துவிட்டது. மரியாள் முன்னால் வர, பின்னால் ஏழெட்டுப் பெண்கள். தங்கத்தின் புருஷன் திருவட்டாறுக்குப் போய்க் கடைசிப் பங்கை வாங்கி வந்திருக்கிறான். மரியாள் எல்லாவற்றையும் அடுக்கி, மீன் வலை பின்னுகிற நூலால் தைத்திருந்தாள்.

"என்ன கோலம் இது!" என்றார் அம்மா, புத்தகத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு.

"கோவப்படாதுங்கோ அம்மா. முடிவ நாங்க யாரும் பாக்கல்ல. தைக்கத்தான் நேரம் இருந்துது. டீச்சரம்மா படிச்சுத் தாறேன்னு வாக்குக் குடுத்திருக்காவ. தங்கத்துக்கு ஆம்பளப் பிள்ள. கதையில உள்ள தம்பி பேரத்தான் போட்டிருக்கா. அப்பம் முடிவு நல்லதாத்தான் இருக்கும், இல்லியா?" என்றாள் மரியாள்.

அம்மா பெஞ்சைக் கையால் காட்டினார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் வாசித்தேன். துறைமுகத்தில் கப்பல் ஏறப்போகிற இளைஞனின் முதுகை அக்காள் பார்க்கிறாள். அவன்தானா என்று நிச்சயமில்லை. சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். அந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர்க் கூஜாவை எடுத்தேன்.

"தண்ணியெல்லாம் பொறவு குடிக்கலாம்" என்று ஒரு குரல் வந்தது. "அவன் திரும்பிப் பாத்தானா, இல்லியா?"

கேட்டது ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. எப்போது வந்து பெஞ்சில் மரியாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அறையே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தம்பி திரும்பிப் பார்த்தான். மரியாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கை தட்டினாள்.

அம்மா புத்தகத்தை வாங்கித் தையலை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"யாரு தைச்சது?"

"நான்தான் அம்மா. சுறா கடிச்சாலும் அறாது."

"தையல் விட்டுப்போனது இங்கே இன்னும் கொஞ்சம் கெடக்கு. தைச்சுத் தருவியா?"

"தாறேன். எங்களுக்கு அடுத்த கதை தருவியளா? இனி பங்கு வெக்க மாட்டோம்" என்ற மரியாள், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ரெண்டு புத்தகமாத் தந்தா சண்டையும் வராது."

அம்மாவே எழுந்துபோய் அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். அழுக்காகாமல் வைத்துக்கொள்ளச் சொல்ல அன்றைக்கு மறந்துவிட்டார்.

லைப்ரரி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கிழிந்த புத்தகம் திரும்பி வந்தால், எத்தனை பேர் படித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.