விருத்தாசலம் வளைவும் நான் செய்த படிவமும்

விருத்தாசலத்துக்குப் பெரும்பாலும் கோயிலுக்காகப் போவார்கள், இல்லையென்றால் ரயில் மாறப் போவார்கள். நான் போன ஐப்பசியில் வேலை விஷயமாகப் போனேன். சாலை விபத்துகளைப் போலீசார் கைப்பேசியிலேயே பதிவு செய்ய எங்கள் சிறிய நிறுவனம் ஒரு செயலி செய்து கொடுத்திருக்கிறது. அதன் படிவம் என் கைவேலை. பீங்கான் தொழிற்கூடங்கள் பக்கம் ஒரு வளைவில் மட்டும் எல்லா விபத்துக்கும் ஒரே காரணம் பதிவாகியிருந்தது: ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’. மேலாளர் நேரில் பார்த்துவரச் சொன்னார்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை 5.40க்கு பஸ், டிக்கெட் 215 ரூபாய். உளுந்தூர்பேட்டையில் பத்து நிமிடம் நிற்கும் (டீ பரவாயில்லை, வடை வேண்டாம்). 10.25க்கு விருத்தாசலம். அங்கிருந்து வளைவு நாலரை கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 120 ரூபாய். ஓட்டியவர் பெயர் ஆரோக்கியராஜ், நாற்பது வயதிருக்கும். இடத்தைச் சொன்னதும், “அங்க என்னா சார் வேல?” என்றார். விபத்து பற்றிய ஆய்வு என்றேன். கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வளைவில் இறங்கியதுமே செருப்பு வழுக்கியது. முந்தைய நாள் மழையில் சாலை முழுக்க வெள்ளைச் சேறு.

“லாரியில களிமண்ணு சிந்துதுங்க. காஞ்சா தூசி, மழ பேஞ்சா எண்ண மாதிரி இருக்குது” என்றார் ஆரோக்கியராஜ். பிறகு சாலையோரத்தைக் காட்டி, “போன வருசம் இங்கதான் எம் பொண்டாட்டி செத்துப்போச்சு. வண்டி ஓட்டுனது நானு” என்றார்.

வளைவின் முகப்பில் ‘கவனமாக ஓட்டுங்கள்’ என்று புதுப் பலகை ஒன்று நின்றது. எங்கள் செயலியின் பதிவுகளைப் பார்த்து நெடுஞ்சாலைத் துறை வைத்தது. மண்ணை யாரும் அள்ளியிருக்கவில்லை.

“மண்ணுன்னுதான் நான் சொன்னேன். போலீஸ் பேப்பர்ல கவனக்குறைவுன்னு வந்துச்சு. அதப் பாத்ததுலேருந்து எங்க மாமியா எம் மூஞ்சியிலயே முழிக்கிறதில்ல. பொண்ணும் அவங்க வூட்லதான் இருக்குது.”

அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். காரணக் கட்டத்தைப் போலீசார் காலியாக விட்டுவிடுகிறார்கள் என்று புகார் வந்தபோது, பட்டியலின் முதல் வரி தானாக நிரம்பும்படி மாற்றினேன். முதல் வரி அதுதான். சாலையில் மண் என்று பட்டியலில் ஒரு வரியே கிடையாது, அதனால் இந்த வளைவில் அதுவே நின்றுவிட்டது. மொத்தமும் பத்து நிமிட வேலை.

சொல்லாமல் போய்விடத்தான் நினைத்தேன். படம் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோது சொல்லிவிட்டேன். கேட் திறந்த பிறகும் அவர் வண்டியைக் கிளப்பவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“எங்கிட்ட சொல்லி என்னா சார் ஆவப்போவுது? ஸ்ரீமுஷ்ணம் வாங்க, எங்க மாமியாகிட்ட சொல்லுங்க.”

ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். வழி முழுக்க எனக்குச் சாதகமாக ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டே போனேன். ஒன்றும் அமையவில்லை.

அவர் மாமியார் ஸ்டெல்லா வாசல் அறையில் தையல் மிஷினில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மிஷின் நின்றது.

“அப்ப அவுரு சொன்னது நெசந்தானா?”

“நிஜம்தாங்க.”

“நீங்க வந்து பாக்காமலே எழுதிட்டீங்களா?”

அவர் என்னைத் தாண்டித் தெருவில் நின்ற ஆரோக்கியராஜைப் பார்த்தார். “மாப்ள, உள்ள வாங்க. பாப்பா நாலு மணிக்கு ஸ்கூலு வுட்டு வரும்.”

என்னை உட்காரச் சொல்லவில்லை. தனியாக டவுன் பஸ் பிடித்து விருத்தாசலம் திரும்பினேன்.

இப்போது அந்தக் கட்டம் காலியாகத்தான் திறக்கிறது. மண், எண்ணெய், பள்ளம் எல்லாம் பட்டியலில் உண்டு. சாலையின் படமும் கட்டாயம். பழைய பதிவைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை; தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. மழை நாளில் டூவீலரில் அந்தப் பக்கம் போகிறவர்கள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். எங்கே விபத்து நடந்தாலும், என்ன காரணம் பதிவாகியிருக்கிறது என்பதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

போன வாரம் ஆரோக்கியராஜுக்குப் போன் செய்தேன். மண்ணை இன்னும் அள்ளவில்லையாம். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.