வாசற்படியில் நின்றுபோன கால்கள்

ஆண்டவருக்குள் என் சொந்தங்களே, நான் ஆரோக்கியமேரி. திண்டிவனத்தில் தையல் வேலை செய்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன், தவக்காலத்தில், வலது கை தானாக நடுங்க ஆரம்பித்தது. அடுத்த வருஷம் கால். நன்றாக நடந்து வருவேன். வாசற்படி வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வலி இல்லை. மரத்தும் போகவில்லை. நகரத்தான் முடியாது. என் உடம்புக்குள்ளேயே நான் அடைபட்டுக் கிடந்தேன். விழுப்புரத்து டாக்டரம்மா பார்க்கின்சன் நோய் என்றார். மாத்திரையில் நடுக்கம் குறைந்தது. கால் நிற்பது நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கே புரியவில்லை. "இம்மாந்தூரம் நல்லாத்தான நடந்து வந்த? இங்க வந்து ஏன் நின்னுக்கினு கீற? வேணும்னே பண்றியா?" என்று ஒருநாள் கத்திவிட்டார். அன்று நான் சாப்பிடவில்லை. கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினேன். "என்னை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்பது மட்டுமே என் ஜெபம்.

போன ஆவணியில் ஒரு காலை. என் வீட்டுக்காரர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் கொல்லைக்குப் போயிருந்தார். அடுப்பில் காய்ந்த எண்ணெய் குப்பென்று பற்றிக்கொண்டது. ஓடத் திரும்பினேன். வாசற்படிக்கு ஒரு சாண் முன்னால் கால் நின்றுவிட்டது. முதுகில் அனல். கத்தினேன். இந்த நோயில் குரலும் தேய்ந்துவிடும், யாருக்கும் கேட்கவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன்.

என்னை அறியாமல் வாயில் ஜெபமாலை வந்தது. சிறுவயதில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் அதே இழுப்பில் "அருள் நிறைந்த மரியே" என்றேன். மூன்றாம் முறை, அந்தத் தாளத்துக்கு இடது கால் எழும்பியது. அடுத்த சொல்லுக்கு வலது கால். சொல்லிக்கொண்டே தெருவுக்கு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டார் ஈரச் சாக்கைப் போட்டுத் தீயை அணைத்தார்கள். கொல்லையிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர், நடந்ததைக் கேட்டதும் என் காலைப் பிடித்துக்கொண்டு, "உன்ன நம்பாம பூட்டனே மேரி" என்று அழுதார்.

டாக்டரம்மாவிடம் சொன்னோம். "மூளையோட அடியில பேசல் கேங்லியான்னு ஒரு பகுதி இருக்கும்மா. நடையைத் தானா ஆரம்பிச்சு வைக்கிறது அதுதான். மூளையில சுரக்கிற டோபமைன்ங்கிற ரசாயனம் கொறைஞ்சா அதோட உத்தரவு பாதியில நின்னுடும். தாளம் கெடைச்சா மூளை வேற வழியில அனுப்பிடும்" என்றார். அந்த வேறு வழியை வைத்தவரை எனக்குத் தெரியும்.

நோய் போகவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன், பயிற்சி செய்கிறேன். ஆனால் சாவைக் கேட்டு ஜெபிப்பதில்லை. உங்களில் யாராவது என்னைப்போல் அடைபட்டிருந்தால், மருந்தையும் விடாதீர்கள், ஆண்டவரையும் விடாதீர்கள். வாய்விட்டுக் கூப்பிடுங்கள். ஒரு எட்டு வைக்கப் பலம் தருவார். எனக்கு அன்று அந்த ஒரு எட்டுதான் வேண்டியிருந்தது.