வெளிச்சாமான் எடுக்காத வீடு

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கலிஸ்ரா குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றமாட்டாள். நேரே குசினிக்குப் போய்ச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, இரண்டு கைகளையும் அதன் கீழே பிடித்துக்கொண்டு நிற்பாள். தண்ணீர் முதலில் குளிர்ந்து வரும், பிறகு வெதுவெதுப்பாகும், பிறகு சுடும். சுடும்வரை கண்களை மூடிக்கொண்டிருப்பாள். கழுவுவதற்குக் கையில் அழுக்கு எதுவும் இருக்காது. அவள் சுவிஸில் வயோதிபர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்தவள். நாள் முழுவதும் தண்ணீருக்குள் கிடந்த கைகள்தான் அவை.

மகள் அனோஜா இதைப் பார்த்தே வளர்ந்தாள். "அம்மா பைப்போட செபம் சொல்லுறா" என்று சின்ன வயதில் சொல்லிச் சிரிப்பாள். புருசன் பிரதாபனும் வருடக்கணக்காக இதைப் பார்த்தவர்தான். "தண்ணி வீணாப் போகுது" என்பதற்குமேல் அவருக்குச் சொல்ல எதுவும் இருந்ததில்லை.

குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது என்பது அவளுக்குக் கடைசிவரை பழகவில்லை. முல்லைத்தீவுக் கரையோரத்துக் கொக்கிளாயில் பிறந்தவள் அவள். தகப்பனும் அண்ணன் அல்பேர்ட்டும் களப்புக்குப் போவார்கள். தாய் அருளம்மா மீனோடு சந்தைக்குப் போவாள். கிணறும் குடமும் கலிஸ்ராவின் பாடு. சண்டையில் ஊரே எழும்பி ஓடியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. ஓடிப்போய் இருந்த இடங்களில் கிணறு இன்னும் தூரத்தில் இருந்தது. தண்ணீர் வரிசையில் நின்றே எட்டாம் வகுப்போடு அவளுடைய படிப்பு முடிந்தது. சுவிஸில் இருந்த, கடற்கரை தெரியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளையான பிரதாபனைக் கலியாணம் பேசி, அவளைச் சுவிஸுக்கு ஏற்றினார்கள். அருளம்மா தன் காணியை மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, அதைத் திரும்பிப் பார்க்காமலே இடம்பெயர்ந்திருந்த முள்ளியவளையில் கண்ணை மூடினாள்.

சண்டை முடிந்து சனங்கள் ஊருக்குத் திரும்பியபோது அல்பேர்ட்டும் திரும்பினார். மீண்டும் ஒரு வள்ளம் எடுத்தார். அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வள்ளம் கரைக்கு வந்ததும், வியாபாரி தராசைத் தூக்குவதற்கு முன்பே, கறிக்கென்று ஒரு பிடி மீனைத் தனியே எடுத்து வைப்பார்கள். கூடப்பிறந்த பெண் ஊரில் இருந்தால் அது அவள் வீட்டுக்குத்தான் முதலில் போகும். அதற்கு விலை இல்லை, நன்றி சொல்வதும் இல்லை. கேட்டு வாங்குவது என்ற பேச்சே கிடையாது. கலிஸ்ரா தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் அல்பேர்ட் சொல்வார்: "உனக்கு வைச்ச மீனைப் பூனை திண்டிட்டுது. நீ வந்தாத்தான் பூனைக்குப் பட்டினி."

அவள் சிரித்துவிட்டு வைப்பாள். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே பிடித்திருப்பாள்.

பிரதாபன் களஞ்சிய வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கத் தொடங்கிய வருடம்தான் எல்லாம் மாறியது. அவருக்கு அப்போது வீடியோப் பைத்தியம் பிடித்திருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரன் குளிர்நாட்டை விட்டு வெப்பநாட்டுக்குப் போய்க் காணி வாங்குகிறான். தானே வீடு கட்டுகிறான், தானே பயிரிடுகிறான், கடைப்பக்கமே போகாமல் வாழ்கிறான்.

"பார் கலிஸ், வெள்ளைக்காரன் எங்கட வாழ்க்கையை வாழுறான். நாங்கள் இஞ்சை இருந்து அவன்ரை கக்கூசைக் கழுவுறம்."

"கழுவுறது நான். நீங்கள் வீடியோ பாக்கிறியள்."

அவர் காதில் அது விழவில்லை. அவளுடைய காணிக்குப் போய், மண்வீடு கட்டி, தன்னிறைவாக வாழலாம் என்றார். அனோஜா எதிர்த்தாள். "அம்மா, உங்கட முழங்கால் இருக்கிற இருப்புக்கு அங்க போய் என்ன செய்யப்போறீங்கள்?" என்று கேட்டாள். கலிஸ்ரா ஓம் என்றதற்கு மண்வீடும் காரணமில்லை, தன்னிறைவும் காரணமில்லை. ஊரில் அண்ணன் இருக்கிறார், கறிக்கு மீன் வரும். அவ்வளவுதான். அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அனோஜா சுவிஸிலேயே நிற்க, இருவரும் ஊருக்கு வந்து காணியில் இருந்த கல்வீட்டைத் திருத்தி ஏறினார்கள்; மற்ற அந்தத்தில் பிரதாபன் மண்வீடு எழுப்பினார். முதல் மாதம் மீன் வந்தது. அல்பேர்ட் கரையிலிருந்து திரும்பும்போது மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்தி, சொப்பிங் பையில் திரளியோ ஓராவோ இறாலோ கொண்டுவந்து குசினிப் படியில் வைப்பார். "பூனை பாவம்" என்பார். பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவார். அந்த மாதம் கலிஸ்ரா நன்றாக நித்திரை கொண்டாள்.

பிறகு பிரதாபன் தானும் வீடியோ எடுத்துப் போடத் தொடங்கி, அதில் ஒரு சபதம் செய்தார். ஒரு வருடத்துக்கு இந்தக் காணிக்குள் விளைந்ததைத் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை. வெளிச்சாமான் ஒன்றும் வாசலைத் தாண்டாது. உலகத்துக்குச் சொல்லிவிட்டார், மனைவிக்குச் சொல்லவில்லை. அவள் குசினிக்குள் போனபோது தேயிலைப் பேணியைக் காணவில்லை. சீனி இல்லை. காஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிணற்று மோட்டரைக் கழற்றிச் சாக்கால் மூடி வைத்திருந்தார்.

"தண்ணி?"

"கிணறு இருக்கு, வாளி இருக்கு. எங்கட ஆக்கள் மோட்டரோடையா பிறந்தவை?"

உங்களுடைய ஆட்களில் கிணற்றடியில் நின்றது யார் என்று மனதுக்குள் கேட்டாள். கயிற்றைக் கையில் எடுத்தாள். மணற்கிணறு ஆழமில்லைதான். ஆனால் வீட்டுக்கும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் மரவள்ளிக்கும் ஆட்டுக்கும் ஒரு வாளியால் அள்ள வேண்டும். அந்த வெள்ளைக்காரன் செய்ததுபோலப் பிரதாபன் மரக்குற்றிகளைப் புதைத்து மேலே மண் குவித்துப் பாத்தி கட்டினார். அது குளிர்நாட்டு முறை, அங்கே குற்றி மெல்ல உக்கி உரமாகுமாம். இங்கே கறையான் வந்தது. குற்றியைத் தின்று முடித்து, கத்தரி வேரையும் தின்றது. மிச்சத்தை மயில் கொத்தியது. பிரதாபன் அதையும் படமெடுத்து, இயற்கையோடு பகிர்ந்து உண்கிறோம் என்று பேசினார். பகிர்ந்து உண்ட பிறகு வீட்டில் இருந்தது மரவள்ளிக்கிழங்கும் முருங்கையிலையும்தான். அவற்றைப் பிடுங்கியதும் உரித்ததும் ஈரவிறகில் ஊதி ஊதி அவித்ததும் கலிஸ்ரா. வீடியோவில் அவளுடைய முதுகு தெரியும். "என்ரை காணி, என்ரை உழைப்பு" என்று அவர் குரல் கேட்கும்.

அவருடைய போனுக்கு மட்டும் கடையிலிருந்து ரீலோட் வந்தது. அவருடைய சீனி வருத்தக் குளிசை சுவிஸிலிருந்து பார்சலில் வந்தது. அவை வெளிச்சாமானில் சேர்த்தியில்லையாம்.

இதையெல்லாம் அவள் பொறுத்தாள். பொறுக்கமுடியாதது ஒரு காலையில் நடந்தது. அல்பேர்ட் வழக்கம்போலப் பையோடு வந்தார். பிரதாபன் போனைத் தடியில் பூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தவர், கமராவுக்கு முன்னாலேயே கையை உயர்த்தி மறித்தார்.

"மச்சான், குறை நினைக்காதேங்கோ. கொண்டுபோங்கோ. இஞ்சை வெளிச்சாமான் எடுக்கிறேல்லை."

அல்பேர்ட்டுக்கு விளங்கவில்லை. "மீன் மச்சான். கறிக்கு."

"அதுதான். ஒருத்தரிட்டையும் கைநீட்டாமல் வாழுறதுதான் எங்கட கொள்கை."

கலிஸ்ரா கிணற்றடியில் நின்றாள். வாளி பாதிக் கிணற்றில் இருந்தது, கயிறு கையில். அல்பேர்ட் அவளைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். அண்ணனுக்கு முன்னால் புருசனை எடுத்தெறிந்து பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அவர் பையைத் திரும்ப ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு போனார். பை ஆடிக்கொண்டே போனதை அவள் பார்த்தாள். வாளியை மேலே இழுக்கவேண்டும் என்ற நினைவு அவளுக்குப் பிறகுதான் வந்தது.

அதற்குப் பிறகு மீன் வரவில்லை. அல்பேர்ட் அதே வழியால் போவார், ஹோண் அடிப்பார், நிற்கமாட்டார். சில நாளில் ஹோணும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, "சுகமோ?" என்று ஊராரைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு நடந்தார். இவ்வளவு காலம் கடல் தாண்டி இருந்தபோதுகூட அவர் இவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை. கலிஸ்ராவுக்குக் கோபம் வயிற்றில் இருந்தது. தண்ணீர் அள்ளும்போது கயிறு உள்ளங்கையை அறுத்தால் அது கொஞ்சம் மேலே ஏறும். பிரதாபன் வீடியோவுக்குப் பேசும்போது இன்னும் கொஞ்சம் ஏறும்.

பக்கத்துக் காணி ராஜினி மலையகத்திலிருந்து குடும்பத்தோடு வந்து வன்னியில் குடியேறியவள், வாயாடி. பிரதாபனுக்கு ஒளித்து வேலிக்கு மேலால் கலிஸ்ராவுக்குப் பிளேன்ரீ கொடுப்பவளும் அவள்தான். ஒருநாள் கோப்பையை நீட்டிக்கொண்டே சிரித்தாள்.

"அக்கா, ஒங்க வீட்டு ஐயாவ நேத்து முல்லைத்தீவு டவுன்ல பாத்தேன். பேக்கரியில ஒக்காந்திருந்தாரு."

"ரீலோட் போடப் போனவர்."

"ரீலோட் போட்டாரோ என்னமோ, மாலு பணிஸ் போட்டாரு. ஒண்ணு தின்னாரு, இன்னொண்ணும் தின்னாரு. பிளேன்ரீ வேற. என்னையக் கண்டதும் செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு. செவுத்துல என்ன வெளைஞ்சிச்சோ!"

கலிஸ்ரா சிரிக்கவில்லை. "மாலு பணிஸுக்குள்ள என்ன வைக்கிறவை, ராஜினி?"

"மீன்தான்க்கா. வேறென்ன?"

கோப்பையில் பாதியை அப்படியே வேலிக்கட்டையில் வைத்துவிட்டு அவள் திரும்பினாள். பிரதாபன் கிணற்றடியில் போனைப் பூட்டிக்கொண்டு நின்றார்.

"நல்ல நேரத்தில வந்தீர். வெயில் இதமா இருக்கு. அள்ளும் பாப்பம். மெதுவா, மூஞ்சையை மற்றப் பக்கம் வைச்சு."

அவள் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். "பணிஸ் எப்பிடி இருந்தது?"

"என்ன பணிஸ்?"

"முல்லைத்தீவில. மீன் வைச்ச பணிஸ்."

அவர் முகம் கறுத்தது. "அது... சீனி இறங்கித் தலை சுத்தினது. வருத்தக்காரன் நான். கமரா ஓடுது, கலிஸ்."

"ஓடட்டும். பேக்கரிக்காரன்ரை மீன் இந்தக் காணியில விளைஞ்சதோ? என்ரை அண்ணன்ரை மீனோ வெளிச்சாமான்?"

"கத்தாதையும். சனம் பாக்கப்போகுது."

"பாக்கட்டும். இது என்ரை அம்மா தந்த காணி. தண்ணி நான் அள்ளுறன், விறகு நான் பொறுக்கிறன், கிழங்கு நான் அவிக்கிறன். இந்த வீட்டில கைநீட்டாத ஆள் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம். காலமை எழும்பினதிலயிருந்து நீங்கள் என்னட்டை நீட்டின கைதான். இந்தக் காணியில வெளிச்சாமான் எண்டு ஒண்டிருந்தா அது நீங்கள்தான்."

"நான் உன்ரை புருசன்!"

"அதாலதான் இவ்வளவு நாளும் அள்ளினனான்."

கையை விரித்துவிட்டாள். கயிறு கிணற்றுக்குள் ஓடி முடிந்தது. பிரதாபன் கிணற்றை எட்டிப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். முதலில் போனைத்தான் நிறுத்தினார்.

அவள் செருப்பைக் கொழுவிக்கொண்டு கரைக்கு நடந்தாள். அல்பேர்ட் வள்ளத்து நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வெளிச்சாமான் எடுக்காத வீட்டுக்காரி, கரையில என்ன தேடுறா?"

"கறிக்கு மீன் கேக்க வந்தனான், அண்ணை."

அவருடைய கை நின்றது. அந்தக் கரையில் எந்தப் பெண்ணும் அண்ணனிடம் அதைக் கேட்டு நின்றதில்லை. சொல்லிமுடித்ததும் கலிஸ்ராவுக்கும் உடம்பெல்லாம் எரிந்தது. தானாக வரவேண்டியதைக் கேட்க வைத்துவிட்டானே என்று, பிரதாபனை நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

"அண்டைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார் அல்பேர்ட்.

"ஓம். சொல்லியிருக்கலாம்."

"வீடியோவில வந்தது தெரியுமே? சந்தையில வியாபாரி எனக்குப் போட்டுக் காட்டுறான். 'அல்பேர்ட், உன்னைத் தங்கச்சி வீட்டில விரட்டிவிட்டவையாம்' எண்டு. எல்லாரும் சிரிக்கினம்."

அவளுக்கு அது தெரியாது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அல்பேர்ட் ஊசியை வலைக்குள் குத்திவைத்துவிட்டு, "இண்டைக்கு மீனைப் பூனை திண்டிட்டுது" என்றார். முன்பு சொன்ன அதே பேச்சுத்தான். அவரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, சாக்கை இழுத்தெறிந்துவிட்டு மோட்டரைப் பூட்ட ஆள் கூப்பிட்டாள்.

இப்போது மோட்டர் காலையும் மாலையும் ஓடுகிறது. குசினிக்கு ஒரு குழாய் வந்திருக்கிறது. வெயிலில் கிடக்கும் தாங்கியிலிருந்து மத்தியானத்தில் தண்ணீர் சுடச்சுட வரும். காஸ் அடுப்பும் தேயிலைப் பேணியும் திரும்பிவிட்டன. பிரதாபன் காணியின் மற்ற அந்தத்தில் தான் கட்டிய மண்வீட்டில் இருக்கிறார், தன் தண்ணீரைத் தானே அள்ளுகிறார், கிழங்கைத் தானே அவிக்கிறார். வீடியோ குறைந்துவிட்டது. இரண்டு பேருக்கும் இடையில் பேச்சில்லை. அல்பேர்ட் மறுபடியும் மீனைக் கொண்டுவந்து படலைக் கட்டையில் கொழுவிவிட்டு, ஹோண் அடித்துவிட்டுப் போகிறார். உள்ளே வருவதில்லை.