பாறையைத் தட்டுகிறவர்

ஆபத்து போய்விட்ட இடத்தில் எச்சரிக்கைக்கு என்ன வேலை? சுரங்கத்துக்குள் அவர் தலைக்கு மேலிருக்கும் பாறையை நீளமான இரும்புக் கம்பியால் தட்டும்போதெல்லாம், கூட வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி எழும். வலக்கையால் தட்டுவார், இடது உள்ளங்கை பாறையில் பதிந்திருக்கும். 'ணங்' என்றால் கெட்டி. 'பொத்' என்றால் உள்ளே விரிசல். கேட்டு முடிக்கும்வரை பின்னால் வரும் இருபது பேரும் நிற்க வேண்டும்.

"என்னண்ணே சொல்லுது கல்லு?" என்று யாராவது சீண்டுவார்கள்.

"உன் தலை தப்பிச்சுதுங்குது. வா."

சுரங்கத்தை மூடிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அது சுற்றுலாத் தலம். கூரை முழுக்க எஃகு வலை, வழியெல்லாம் விளக்கு, பாறையின் அசைவை அளக்கும் கருவிகள். வெளியே, தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் மரக்கன்று நடுகிறார்கள். அன்று இங்கே பாறை வெட்டிய அவர் இன்று வழிகாட்டி. நல்ல வழிகாட்டி என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுகளை மாற்றிச் சொல்வார். திருத்தினால் எரிந்து விழுவார். அவருடைய இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. ஒரே ஒரு நாள் அவசரத்தில் தட்டாமல் உள்ளே போனாராம். அதற்குமேல் சொல்ல மாட்டார்.

"வீட்டுலயும் இதே கூத்துதான்," என்றார் அவர் மனைவி. "கரண்டிக் காம்பால கூரையத் தட்டிட்டுத்தான் சாப்பிட உக்காருவாரு. நல்லவேளை, என் சமையலத் தட்டிப் பாக்கல!"

ஒருநாள் மேலாளர் கம்பியை வாங்கி வைத்துக்கொண்டார். "பெரியவரே, நீங்க தட்டுனா ஜனங்க பயப்படுறாங்க. தட்டாம கூட்டிட்டுப் போங்க. முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்."

ஒரு மாதம் வெறுங்கையோடு போனார். கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்து இரண்டு முறை தடுக்கி விழுந்தார்.

ஆனால் வந்தவர்கள், "கல்லு தட்டுறவர் எங்க?" என்று கேட்கத் தொடங்கினார்கள். மேலாளரே கம்பியைத் துடைத்து எடுத்து வந்தார். அதற்குள் பாறையில் மூன்று இடங்களில் சுண்ணாம்பு வட்டங்கள்.

"இந்த மூணு எடத்துல மட்டும் தட்டுனாப் போதும். இங்கதான் சத்தம் கணீர்னு வருது."

அவர் வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கம்பியை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். மண்மேட்டில் கன்று நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் போய், "நானும் இங்கயே வேலைக்கு வந்துடறேன். அடுத்த குழி எங்கம்மா?" என்றார். அங்கே சம்பளம் பாதிதான்; வெயில் முழுசு.

மேலாளர் மூச்சிரைக்க ஏறிவந்தார். "ஏன் பெரியவரே? கம்பியத்தான் திருப்பிக் குடுத்துட்டேனே?"

"கணீர்னு கேக்குற எடத்துல ஆபத்து இல்லையே," என்ற அவர் கம்பியின் முனையைக் கீழ்நோக்கித் திருப்பி, அடுத்த குழிக்கு மண்ணைக் குத்தத் தொடங்கினார்.