மொத்த ஊரும் ஏறிய பஸ்

எங்கள் ஊர் விளாத்திகுளத்துக்கு வடக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. காலையில் ஒரு பஸ், சாயந்திரம் ஒரு பஸ். காலை பஸ்ஸில் நான் பள்ளிக்கூடம் போவேன். என் அத்தையின் மிளகாய் வத்தல் மூட்டைகள் கமிஷன் கடைக்குப் போகும். ஒருநாள் கண்டக்டர் அத்தையிடம் ரகசியம் போலச் சொன்னார்: கூட்டம் இல்லையென்று பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள், திங்கட்கிழமை ஓர் அதிகாரி வந்து பார்ப்பார்.

அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் நின்றால் மூட்டைக்கு வேன் பிடிக்க வேண்டும். வேன் வாடகை போக வத்தலில் மிஞ்சுவது காரம் மட்டும்தான்.

கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் வீடு வீடாகப் போனாள். "திங்கக்கெழம ஒரு ஆளு பாக்கியில்லாம பஸ் ஏறணும், ஆமா!" துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் வேலைக்குப் போய்த் தூத்துக்குடியிலேயே தங்கிவிட்டவர்களின் பூட்டிய வீடுகளைத் தாண்டித் தாண்டிப் போனதால் சீக்கிரமே முடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை திருவிழாவேதான். சித்தப்பா பட்டு வேட்டி கட்டியிருந்தார். எதிர்வீட்டு மாமா, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கோழியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினார். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த பஸ்ஸிலும் போனதில்லை.

முன் சீட்டிலிருந்த அதிகாரியிடம் அத்தை நேரே போய் நின்றாள்.

"ஊர்ல ஒரு ஈ காக்கா கெடையாது சார். மொத்த சனமும் இந்தா உக்காந்திருக்கு. இம்புட்டுக் கூட்டத்த வச்சிக்கிட்டு பஸ்ஸ நிப்பாட்டுதோம்னு சொல்லுதீகளே, நியாயமா?"

"மொத்த ஊருமாம்மா?"

"சத்தியமா சார். நின்னுக்கிட்டு வாரது நான் ஒருத்திதான்."

அவர் திரும்பிப் பார்த்தார். பின் வரிசைகள் காலியாகக் கிடந்தன. அவர் முகம் வாடியது. எழுந்து அத்தையைத் தன் இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, கண்டக்டரிடம், "மூட்டைக்கெல்லாம் விடாம லக்கேஜ் டிக்கெட் போடுங்க. வசூல் கொஞ்சம் கூடுதலா காட்டும்" என்றார்.

பஸ் நிற்கவில்லை. இன்றும் ஓடுகிறது. அத்தை ஜெயித்ததாக ஊரே பேசியது.

அதிகாரியின் முகம் ஏன் வாடியது என்று எனக்கு விளங்கவில்லை. அன்று வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் பெருமையடித்தேன்: எங்கள் ஊர் பஸ் அவ்வளவு பெரியது, ஊரே ஏறினாலும் இடம் மிஞ்சும் என்று.